கிம் ஹா-சோங்: கொரிய இன்ஃபீல்டர் ஒருவர் போன பாதையும் எங்கட பெடியள் அதில பாக்க வேண்டியதும்

எல்லே_மாஸ்ரர் (கேள்வி)

வணக்கம். பள்ளிக்கூடத்தில எல்லேயும் சொஃப்ட்போலும் ஆடிப்போட்டு பேஸ்போலுக்கு வாற பெடியளுக்கு முன்மாதிரியா ஒரு இன்ஃபீல்டரை, அதாவது பேஸுகளுக்குக் கிட்ட நிண்டு தரைப்பந்து எடுக்கிற ஒருத்தரை, காட்ட வேணும். அமெரிக்க ஆட்டக்காரரைக் காட்டினால் "அவங்கட உடம்பு வேற, மாஸ்ரர்" எண்டு சொல்லி விட்டுடுவாங்கள். கொரியாவின்ர கிம் ஹா-சோங் 175 செ.மீ. உயரம், ஏறக்குறைய 76 கிலோ. யாழ்ப்பாணத்தில எந்தப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனாலும் இந்த அளவில நாலு பெடியள் நிப்பாங்கள். அதால அவரை எடுத்திருக்கிறன்.

விளக்கம் வேண்டியது இதுகள்தான். அவர் பள்ளிக்கூடத்தில இருந்து கொரிய லீக்குக்கும் அங்கையிருந்து அமெரிக்காவுக்கும் எந்த விதியில, எந்த நேரத்தில போனவர்? இராணுவ சேவையை என்ன செய்தவர்? கொரியாவில கடைசி வருசம் 30 ஹோம் ரன் (பந்தைக் களத்துக்கு வெளிய அடிக்கிறது) அடிச்ச மனிசன் அமெரிக்காவில முதல் வருசம் 0.202 சராசரிக்கு, அதாவது பத்துத் தரத்தில இரண்டு தரம்தான் நல்ல அடி எண்ட அளவுக்கு, இறங்கினவர். அப்பிடி இருந்தும் ஏன் வைச்சிருந்தவை? ஷோர்ட் ஸ்ரொப் (செக்கண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில நிக்கிற இடம்), செக்கண்ட், தேர்ட் எண்டு மாத்தி மாத்தி நிப்பாட்டினதில ஆட்டக்காரருக்கு லாபமோ நட்டமோ? தோள் காயம் எப்பிடி வந்தது? கடைசியா, அவர் செய்யிறதில எதை எங்கட செம்மண் தரையில பழக்கலாம்?

கணக்குப்_புத்தகம்

மாஸ்ரர், விதிகளும் வருசங்களும் நான் சொல்லுறன். களத்து வேலையை வேற ஆக்கள் சொல்லட்டும்.

கிம் 1995 ஒக்ரோபர் 17 இல புச்சோனில பிறந்தவர். யாத்தாப் உயர்தரப் பள்ளிக்கூடத்தில இருந்து 2014 சீசனுக்கான தெரிவில (அணியள் சுற்றுச் சுற்றாப் புது ஆட்டக்காரரை எடுக்கிறது) நெக்சன் ஹீரோஸ் அவரை எடுத்தது. அதுவும் முதல் சுற்றில இல்லை, மூண்டாம் சுற்றில. கொரியாவில இருக்கிறது பத்து அணிதான். பள்ளிக்கூடம் முடிக்கிறவங்களில தெரிவில பேர் வாறது சின்னப் பங்கு. வந்தாலும் பெரும்பாலானவை கன வருசம் இரண்டாம் நிலை ஃபியூச்சர்ஸ் லீக்கிலதான் கிடப்பினம்.

கிம்முக்குக் கதவு திறந்தது காங் ஜொங்-ஹோவால. ஹீரோஸின்ர ஷோர்ட் ஸ்ரொப்பா இருந்த காங் 2014 இல 40 ஹோம் ரன் அடிச்சுப்போட்டு அமெரிக்காவின்ர பிற்ஸ்பேர்க் பைரேற்ஸுக்குப் போனவர். 2015 இல அந்த வெற்றிடத்தில 19 வயசுக் கிம்மை நிப்பாட்டிச்சினம். இதில அணியின்ர தன்மையும் பாக்க வேணும். கொரியாவின்ர மற்ற அணியள் பெரிய கம்பனியளின்ர பிள்ளையள். ஹீரோஸுக்கு அப்பிடித் தாய்க் கம்பனி இல்லை. பேரை விளம்பரத்துக்கு வித்துத்தான் ஓடுது. அதாலதான் நெக்சன் எண்டு இருந்த பேர் 2019 இல கிவூம் ஆனது. காசு குறைஞ்ச அணி எண்டபடியால் இளம் பெடியளை வேளைக்கே களத்தில இறக்கும், வளந்த பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பி உழைக்கும். காங், பார்க் பியோங்-ஹோ, கிம் ஹா-சோங், லீ ஜொங்-ஹூ, கிம் ஹே-சோங் எல்லாரும் இந்த ஒரே வாசலால போனவைதான். இன்னொரு அணி எடுத்திருந்தால் 19 வயசில ஷோர்ட் ஸ்ரொப் இடம் கிடைச்சிருக்கும் எண்டு நான் நம்பேல்லை.

கிடைச்ச இடத்தை அவர் விடேல்லை. 2015 இல 19 ஹோம் ரன். அந்த வருசத்தின்ர புதுமுக விருது கூ ஜா-வூக்குக்குப் போனது. 2016 இல 20 ஹோம் ரன்னும் 28 பேஸ் திருட்டும் (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிக்கிறது). 2017 இல 114 ரன் அடிச்சுக் கொண்டு வந்தவர். 2018, 2019, 2020 மூண்டு வருசமும் ஷோர்ட் ஸ்ரொப்புக்கான தங்கக் கையுறை. ஒண்டைக் கவனியுங்கோ: கொரியாவின்ர தங்கக் கையுறை விருதில அடியையும் சேர்த்துத்தான் பாப்பினம். அமெரிக்காவின்ர தங்கக் கையுறை களத்தடுப்புக்கு மட்டும். இரண்டையும் ஒண்டெண்டு நினைச்சு எழுதிற ஆக்கள் கனக்க.

இராணுவம். கொரிய ஆண்கள் எல்லாருக்கும் கட்டாயம், தரைப்படையில எண்டால் இப்ப 18 மாசம். ஆட்டக்காரருக்கு இரண்டு வழி. ஒண்டு, சங்மு எண்ட படைத்துறை அணியில இடம் எடுத்து ஃபியூச்சர்ஸ் லீக்கில ஆடிக்கொண்டே சேவையை முடிக்கிறது. மற்றது, ஆசிய விளையாட்டில தங்கமோ ஒலிம்பிக்கில ஏதாவது ஒரு பதக்கமோ எடுக்கிறது. கிம் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அணியில இருந்தவர். இறுதியாட்டத்தில கொரியா ஜப்பானை 3-0 எண்டு வெண்டது. அதோட முழுச் சேவை போய், சில கிழமை அடிப்படைப் பயிற்சியும் 544 மணித்தியாலத் தொண்டு வேலையும் மட்டும் மிஞ்சினது. 22 வயசில இது கிடைக்காமல் விட்டிருந்தால் 25 வயசில அமெரிக்கா போயிருக்கேலாது. இன்ஃபீல்டருக்கு 25 க்கும் 27 க்கும் இடையில இருக்கிற இரண்டு வருசம் சாதாரண விசயமில்லை. கால் வேகத்துக்குத்தான் அங்கை காசு.

அமெரிக்கா போற விதி: ஏழு சீசன் முடிச்சவரை, அணி சம்மதிச்சால், ஏலத்துக்கு விடலாம். சும்மா ஏழு வருசம் இருந்தால் போதாது. முதல்நிலை அணியில 145 நாள் பதிவு இருந்தால்தான் ஒரு சீசன் எண்டு எண்ணுவினம். தேசிய அணிக்கு ஆடின நாளுக்கும் கணக்கில சலுகை உண்டு. கிம் 2014 இல இருந்து 2020 வரை ஏழை முடிச்சார், அணி விட்டது. காங் போன காலத்தில மூடின உறையில விலை கேக்க வேணும்; கூடக் கேட்ட ஒரு அணியோட மட்டும்தான் பேசலாம். பைரேற்ஸ் 5,002,015 டொலர் கேட்டு வெண்டது. 2018 இல விதி மாறிச்சு. இப்ப முப்பது அணியும் 30 நாள் பேசலாம். பழைய அணிக்குப் போற பங்கு கொன்ராக்ற்றில இருந்து கணக்காகும்: முதல் 25 மில்லியன் டொலரில 20 வீதம், அடுத்த 25 இல 17.5 வீதம், அதுக்கு மேல 15 வீதம்.

கிம்மின்ர கணக்கைப் போட்டுப் பாருங்கோ. சான் டியேகோ பாட்ரெஸ் நாலு வருசத்துக்கு 28 மில்லியன் உறுதி குடுத்தது. 25 இல 20 வீதம் 5 மில்லியன். மிச்ச 3 இல 17.5 வீதம் 525,000. மொத்தம் 5.525 மில்லியன் ஹீரோஸுக்கு. இது ஆட்டக்காரரின்ர சம்பளத்தில வெட்டுறதில்லை, பாட்ரெஸ் புறம்பாக் கட்டினது.

சோளகம்

0.202 க்கும் வைச்சிருந்த காரணம் கையும் காலும்தான், மட்டையில்லை. அதை முதல் விளங்கப்படுத்தினால் மிச்சம் தானா விளங்கும்.

அடி ஏன் விழுந்தது? கிம் ஆடின காலத்துக் கொரிய லீக்கில வேகப்பந்தின்ர சராசரி 143 கி.மீ. அளவில. அமெரிக்காவில அது 151 க்குக் கிட்ட. பந்தெறியிற பிச்சரின்ர மேட்டில இருந்து அடிகாரர் நிக்கிற ஹோம் பிளேற் 18.44 மீற்றர். கை விட்ட பிறகு பந்து பறக்கிறது 16.5 மீற்றர் அளவுதான். இரண்டு வேகத்துக்கும் வித்தியாசம் செக்கனில நூறில இரண்டு பங்கு, கூடினால் மூண்டு. கேக்கச் சின்னனாத் தெரியும். ஆனால் முன்காலை உயரத் தூக்கி, ஊண்டி, பேந்து சுத்துற ஆளுக்கு அந்த இரண்டு பங்கில மட்டை பந்துக்குப் பின்னால நிண்டிடும். பந்து மட்டையின்ர கழுத்தில பட்டு உள்ளுக்க சும்மா எழும்பும். வேகத்துக்குப் பயந்து முந்திச் சுத்தினால் வளைஞ்சு வெளிய போற சிலைடருக்கு மட்டை காத்தில போகும். கொரியாவில இருந்து போற எல்லா அடிகாரருக்கும் முதல் வருசத்தில இந்த இரண்டு கண்ணியும் காத்திருக்கும். ஒண்டுக்குத் தப்பினால் மற்றதில விழுகிறது.

2021 இல அவர் 117 ஆட்டத்தில 8 ஹோம் ரன். ஷோர்ட் ஸ்ரொப்பில பெர்னாண்டோ டாற்றிஸ், தேர்டில மனி மச்சாடோ, செக்கண்டில ஜேக் குரோனன்வேர்த் நிக்கினம். மூண்டு பேருக்கும் மாற்றா நிக்கக்கூடிய ஒருத்தர் இவர்தான். ஒரு இடம் மட்டும் தெரிஞ்சவரா இருந்திருந்தால் வாங்கில இருந்தே சீசன் முடிஞ்சிருக்கும். 2022 இல டாற்றிஸ் முதல் மணிக்கட்டு முறிஞ்சு, பேந்து தடைசெய்த மருந்துக்கு 80 ஆட்டத் தடை வாங்கி, முழு வருசமும் இல்லை. கிம் 150 ஆட்டம் ஆடி, ஷோர்ட் ஸ்ரொப் தங்கக் கையுறைக்குக் கடைசி மூண்டு பேரில ஒராளா வந்தவர். சராசரியும் 0.251 க்கு ஏறிச்சு. ஒவ்வொரு நாளும் ஆடக் கிடைச்சால்தான் வேகத்துக்குக் கண் பழகும், கிழமைக்கு இரண்டு நாள் ஆடிப் பழகாது.

2023 இல பாட்ரெஸ் சாண்டர் போகார்ட்ஸை 11 வருசத்துக்கு 280 மில்லியன் குடுத்துக் கொண்டுவந்து ஷோர்ட் ஸ்ரொப்பில நிப்பாட்டிச்சு. கிம் செக்கண்டுக்குப் போனவர். கோவிச்சுக்கொண்டு ஆட்டம் குறையேல்லை: 17 ஹோம் ரன், 38 பேஸ் திருட்டு, அதோட பல இடத்தில நிக்கிற ஆட்டக்காரருக்கான தங்கக் கையுறை. அமெரிக்கத் தங்கக் கையுறையை எடுத்த முதல் கொரியர் அவர்தான். 2024 தொடங்கேக்க போகார்ட்ஸைச் செக்கண்டுக்கு அனுப்பி, அந்த மனிசனின்ர கொன்ராக்ற்றில பத்தில ஒரு பங்குக்கு வந்த கிம்மைத் திரும்ப ஷோர்ட் ஸ்ரொப்புக்குக் கூப்பிட்டினம். அந்த சீசனின்ர முதல் ஆட்டங்கள் சியோலில கோச்சோக் டோமில, அவரின்ர பழைய வீட்டுக் களத்தில. பந்தை ஆர் வடிவா எடுக்கினம் எண்டு பாக்கத் தெரிஞ்ச ஆக்கள் எடுத்த முடிவு அது. எனக்கு அவரின்ர முழுப் பாதையிலயும் பெரிய மரியாதை இந்த இடத்திலதான்.

இடம் மாறினால் என்ன மாறும் எண்டது பெடியளுக்கு முக்கியம். அடிகாரர் ஹோமில இருந்து முதல் பேஸுக்கு ஓட வலக்கை ஆளுக்கு 4.3 செக்கன் அளவு. ஷோர்ட் ஸ்ரொப் ஆழத்தில நிண்டால் எறி 36, 37 மீற்றர். பந்து வர ஒண்டே முக்கால் செக்கன், எடுத்துக் கைக்கு மாத்த ஒண்டு, 130 கி.மீ. எறிக்கு ஒண்டுக்குச் சற்றுக் கூட. கூட்டிப் பாத்தால் மிச்சம் அரைச் செக்கனும் இல்லை. பந்தைக் கையுறையில ஒருக்காத் தடவினாலே ஆள் பேஸில. அதால ஷோர்ட் ஸ்ரொப்புக்குக் கை பலமும் முன்னுக்குப் போய் எடுக்கிற துணிவும் வேணும்.

செக்கண்ட் பேஸில எறி குறுகினது, ஆனால் டபிள் பிளேயில (ஒரே அடியில இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்யிறது) ஓடுறவர் முதுகுப் பக்கத்தால வாறார், கண்ணில படமாட்டார். கால் எங்க வைக்கிறது எண்டது உயிர்: இடக்காலால பேஸின்ர விளிம்பைத் தொட்டு, வலக்காலை ஊண்டி, பேஸை விட்டு விலகிக்கொண்டே எறிய வேணும். தேர்டில நேரமே இல்லை. 160 கி.மீ. இல அடிச்ச பந்து 0.7 செக்கனுக்குள்ள முழங்காலடிக்கு வந்திடும். அங்கை காலை அசைக்கிறதை விட முதலே உடம்பைத் தாழ்த்தி நிக்கிறதுதான் வேலை.

மூண்டையும் பழகினவருக்கு லாபமே தவிர நட்டமில்லை. ஆனால் பழக்கிற ஒழுங்கு ஷோர்ட் ஸ்ரொப்பில தொடங்க வேணும். அங்கை நிண்டவர் செக்கண்டுக்கு இறங்கலாம். செக்கண்டில மட்டும் வளந்தவர் ஷோர்ட் ஸ்ரொப்புக்கு ஏறுறது அரிது, கை காணாது. ஹீரோஸில இருந்து போன கிம் ஹே-சோங்கைப் பாருங்கோ, கொரியாவில 2021 இல ஷோர்ட் ஸ்ரொப்புக்கும் 2022 இல செக்கண்டுக்கும் தங்கக் கையுறை எடுத்தவர். 2025 இல டொட்ஜேர்ஸுக்குப் போனவர்.

எல்லே_மாஸ்ரர்

நல்லா விளங்குது, நன்றி அண்ணைமார். இன்னும் இரண்டு. எங்கட தரை ஆவணியில கல்லுப் போல கிடக்கும், பந்து எங்க குத்தி எங்க எழும்பும் எண்டு சொல்லேலாது. கிம் ஆடினது செயற்கைப் புல்லிலயும் பராமரிச்ச தரையிலயும். அவர் எடுக்கிற மாதிரி இஞ்சை எடுக்கச் சொல்லிக் குடுக்கலாமோ? மற்றது, எல்லேயில இருந்து வாற பெடியளிட்ட என்ன பழக்கத்தை முதல் மாத்த வேணும்?

கோப்பாய்ச்செம்மண்

சொல்லிக் குடுக்கலாம் மாஸ்ரர். தரை கெட்டது எண்டால் கால் இன்னும் நல்லா வேலை செய்ய வேணும், அவ்வளவுதான்.

குத்தி வாற பந்தை எடுக்க நல்ல இடம் இரண்டு. குத்தின உடன, தரையை விட்டு ஒரு சாண் எழும்ப முதல் ஒண்டு. எழும்பி உச்சியில நிண்டு இறங்கத் தொடங்கிற இடம் மற்றது. இரண்டுக்கும் நடுவில, பந்து ஏறிக்கொண்டு வாற நேரத்தில எடுக்கப் போனால்தான் நெஞ்சிலயும் நாடியிலயும் அடிவிழும். கிம்மின்ர காணொளியில கவனிச்சால், அவர் நிண்ட இடத்தில பந்துக்காகக் காத்து நிக்கிறது குறைவு. இரண்டு சின்ன அடி முன்னுக்கு வைச்சு, நடுக் குத்தைத் தொடக்கக் குத்தா மாத்திப்போடுவார். செயற்கைப் புல்லில குத்து ஒழுங்கா வரும், ஆனால் வேகமா வரும். அங்கை பழகின கால் இது. எங்கட தரையில இதுக்குத் தேவை இன்னும் கூட.

பழக்கிற முறை. முதல் கிழமை கையுறை வேண்டாம். இரண்டு பேர் 5 மீற்றரில முழங்காலில நிண்டு, ரெனிஸ் பந்தை மற்றவருக்கு ஒரு முழம் முன்னால குத்த எறிய வேணும். முன்னுக்கு 20, வலப்பக்கம் புறங்கையா 20, இடப்பக்கம் 20. கை கீழ இருந்து மேல வர வேணும். மேல இருந்து தரைக்குக் குத்தினால் பந்து கைக்குக் கீழால போகும், தொடங்கிறவையில பாதிப்பேர் விடுற பிழை இதுதான். இரண்டாம் கிழமை கையுறையோட எழும்பி நிண்டு, 15 மீற்றரில இருந்து உருட்டி விடுங்கோ. காலின்ர ஒழுங்கு "வலது, இடது, எடு, வலது, இடது, எறி". வலக்கால் பந்தின்ர கோட்டுக்கு வந்து, இடக்கால் விழுகிற நேரத்தில கையுறை பந்தில இருக்க வேணும். பந்து இடக் கண்ணுக்கு நேர கீழ இருக்கோ எண்டு பாருங்கோ. நடுவில வைச்சு எடுக்கிற பெடியன் எறியிற பக்கத்துக்குத் திரும்ப ஒரு அடி கூட வைப்பான். மேல சோளகம் சொன்ன அரைச் செக்கன் அதில போயிடும். மூண்டாம் கிழமை மட்டையால அடிச்சு விடலாம். பாரமான மட்டை வேண்டாம், கையுக்கு இலேசான நீட்டு மட்டை எண்டால்தான் நூறு பந்து ஒரே இடத்துக்கு அடிக்க ஏலும்.

தரைக்கு: பயிற்சிக்கு முதல்நாள் பின்னேரம் தண்ணி தெளிச்சு ஊற விடுங்கோ. விடிய மேல்மண்ணை அரை அங்குலத்துக்கு வாரியால கிளறி, சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பொறுக்க வேணும். வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல்தான் கிடக்கு, ஒவ்வொரு மாரிக்கும் புதுசா மேல வரும். பழைய கம்பி வலைக்கு மேல இரண்டு சீமெந்துக் கல்லை வைச்சு கயித்தால இழுத்தால் தரை சமனாகும். சும்மா கிளறாமல் தண்ணி மட்டும் அடிச்சால் மேல ஒரு ஓடு பிடிக்கும், அதில பந்து இன்னும் கூட வழுக்கும். முழு மைதானத்தையும் செய்யத் தேவையில்லை. ஷோர்ட் ஸ்ரொப், செக்கண்ட் நிக்கிற இடங்களுக்கு முன்னால 6 மீற்றர் போதும். கடைசிக் குத்து அங்கைதான்.

எல்லேப் பெடியளிட்ட நல்லதொண்டு இருக்கு: வெறுங்கையால இரண்டு கையும் சேர்த்து, கையை உடம்புக்கு இழுத்துப் பிடிப்பாங்கள். அதைக் கெடுக்க வேண்டாம். மாத்த வேண்டியது எறி. எல்லேயில ஓடுறவனைப் பந்தால அடிச்சு ஆட்டமிழக்கச் செய்யலாம், அதால கண் ஓடுறவனிலயே இருக்கும். பேஸ்போலில பந்து போக வேண்டியது பேஸில நிக்கிற எங்கட ஆளின்ர நெஞ்சுக்கு. ஆரம்பத்தில ஓடுறவர் இல்லாமலே எறிவிக்கிறது நல்லம். பேஸில ஒரு வாளியைக் கதிரைக்கு மேல வைச்சு அதுக்கு எறியச் சொல்லலாம்.

பாரத்தையும் பாருங்கோ. எல்லே ஆடுற ரெனிஸ் பந்து 58 கிராம் அளவு, பேஸ்போல் 142 இல இருந்து 149 கிராம். இரண்டரை மடங்கு. முதல் நாளே 36 மீற்றர் எறிவிச்சால் முழங்கையின்ர உள்பக்கம் நோகும். 10 மீற்றரில தொடங்கி, ஒவ்வொரு கிழமையும் 5 மீற்றர் கூட்டுங்கோ. ஒரு நாளுக்கு முழுத் தூர எறி 40 க்கு மேல வேண்டாம்.

கையுறை: ஷோர்ட் ஸ்ரொப்புக்கும் செக்கண்டுக்கும் 11.5 அங்குலம். பெரிசா வாங்கினால் பந்து உள்ளுக்க தொலைஞ்சு, எடுக்க நேரம் போகும். தோலுக்கு எண்ணெய் துணியில நாலு சொட்டு எடுத்துத் தடவினால் போதும், ஊத்தினால் பாரமாகும். வெயிலில காய வைச்சால் எங்கட உப்புக் காத்துக்கும் சேர்த்து ஒரு சீசனில வெடிக்கும்.

தோள்மூட்டு

காயம் பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். பயிற்றுநர்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 18, கொலராடோவில் நடந்த ஆட்டம். கிம் முதல் பேஸில் நின்றார். பிச்சர் திடீரென முதல் பேஸுக்கு எறிந்தார். கிம் தலை முன்னே போகப் பாய்ந்து திரும்பினார். நீட்டிய வலது கை பேஸில் மோதி, அந்த விசை முழுவதும் தோளுக்கு ஏறியது. மூட்டுக் குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம் கிழிந்தது. அந்த சீசனில் அவர் பிறகு ஆடவில்லை, ஒக்ரோபரில் சத்திரசிகிச்சை.

வலது கை ஏன் போகிறது? முதல் பேஸில் நிற்பவர் ஹோம் பக்கம் பார்த்து நிற்பார், பேஸ் அவருக்கு இடப்பக்கம். வலக்காலை இடக்காலுக்கு மேலால் குறுக்கே வைத்துப் பாய்ந்து, பேஸின் பின்மூலையை வலக்கையால் தொட வேண்டும் என்றுதான் பயிற்றுவிக்கிறார்கள். காரணம் சரியானது: பந்தைப் பிடித்தவரின் கையுறையிலிருந்து அந்த மூலைதான் தூரம். ஆனால் வலக்கை ஆட்டக்காரருக்கு அதே கைதான் எறியும் கை. இன்ஃபீல்டருக்கு அந்தத் தோளை விடப் பெறுமதியான உறுப்பு வேறில்லை.

ஆகவே பாய்வதைப் பழக்கும்போது: பேஸிலிருந்து உடல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்திலேயே பாய்ச்சல் தொடங்க வேண்டும். மிகக் கிட்ட வந்து பாய்ந்தால் உடலின் வேகம் தணியும் முன் கை பேஸில் இடித்துவிடும். நெஞ்சும் வயிறும் முதலில் தரையில் சறுக்க வேண்டும். கை கடைசியாக வர வேண்டும். முழங்கை சற்று மடிந்திருக்கட்டும், விரல்கள் மேல்நோக்கி இருக்கட்டும். முகத்தை வெளிக்களப் பக்கம் திருப்ப வேண்டும், இல்லையேல் பந்து முகத்தில் படும். காய்ந்த செம்மண்ணில் சறுக்கல் குறைவு, உடல் சட்டென நின்றுவிடும். பாய்வதை ஈர மணலில் அல்லது நனைத்த பொலித்தீன் விரிப்பில் மட்டும் பழக்குங்கள். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நின்றபடியே காலால் பேஸுக்குத் திரும்பப் பழக்குவது போதும். ஒரு அடி குறைவாக விலகி நின்றால் அது முடியும்.

காயத்துக்குப் பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்க முடிகிறது என்பதால் எறியலாம் என்று விடக்கூடாது. அடிப்பதற்குத் தோள் முதலில் தயாராகிவிடும். ஷோர்ட் ஸ்ரொப் ஆழத்திலிருந்து எறிவதற்கு அது கடைசியாகத்தான் தயாராகும். கிம் சத்திரசிகிச்சை முடிந்து 2025 ஜூலை 4 வரை களத்துக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்குப்_புத்தகம்

அந்த ஒரு பாய்ச்சலின்ர விலையையும் சேர்த்து எழுதுறன். பாட்ரெஸோட கொன்ராக்ற் முடியிற வருசத்தில வந்த காயம். சுகமா இருந்தால் பல வருசக் கொன்ராக்ற் கிடைச்சிருக்க வேண்டிய நேரம். கிடைச்சது ராம்பா பே ரேய்ஸிட்ட இருந்து இரண்டு வருசத்துக்கு 29 மில்லியன், முதல் வருசம் முடிய விலகலாம் எண்ட உரிமையோட. காயப்பட்ட ஆட்டக்காரருக்கு இந்த உரிமை பெரிய ஆயுதம். சுகமானால் வெளிய போய்த் திரும்ப விலை பேசலாம், சுகமாகாட்டில் இரண்டாம் வருசக் காசு கையில நிக்கும்.

2025 இல ரேய்ஸில 24 ஆட்டம்தான், முதுகும் காலும் மாறி மாறிக் கரைச்சல் குடுத்தது. செப்ரெம்பர் 1 இல அவை விட்ட உடன அட்லாண்டா பிரேவ்ஸ் மிச்சக் கொன்ராக்ற்றோட எடுத்து ஷோர்ட் ஸ்ரொப்பில நிப்பாட்டிச்சு. சீசன் முடிய 16 மில்லியனை விட்டுப்போட்டு விலகி, அதே பிரேவ்ஸோட 2026 க்கு ஒரு வருசம் 20 மில்லியனுக்குக் கையெழுத்து வைச்சவர். 2025 முழுக்கச் சேர்த்தும் அடிச்சது 5 ஹோம் ரன்தான். சந்தையில நல்ல ஷோர்ட் ஸ்ரொப் குறைவு, அதுக்குத்தான் அந்த விலை.

எல்லே_மாஸ்ரர்

எல்லாருக்கும் நன்றி. எந்த வருசக் காணொளியில தொடங்கலாம்?

சோளகம்

2022. ஷோர்ட் ஸ்ரொப்பில முழு வருசமும் நிண்டது அதிலதான், ஒவ்வொரு விதமான தரைப்பந்தும் கிடைக்கும். டபிள் பிளேக்கு 2023. ஹோம் ரன் தொகுப்புகளை இப்போதைக்குக் காட்டாதேங்கோ. பாக்கேக்க, பிச்சர் பந்தை விடுகிற நொடியில நிப்பாட்டி, கிம்மின்ர இரண்டு காலும் எங்க இருக்கு எண்டு கேளுங்கோ. சின்னதா ஒரு துள்ளல் துள்ளி, பந்து மட்டைக்கு வாற நேரத்தில இரண்டு பாதமும் தரையில ஊண்டியிருக்கும். அதைப் பெடியளாக் கண்டுபிடிச்சால், அடுத்த நாள் மைதானத்தில நீங்கள் சொல்லாமலே செய்து பாப்பாங்கள்.